எந்த ஊர்த் தேதி? கணினியிடம் நாள் கணக்குக் கேட்கும் முன் நாம் சொல்ல வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் குருவிகுளத்திலிருந்து ஒரு குடும்பத்தார் நம்மைப் பார்க்க வந்தார்கள். குடும்பத் தலைவர் சவூதியில் தம்மாம் பகுதியில் வேலை பார்த்தவர். அங்கேயே வஃபாத்தாகி, அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டுவிட்டார். (அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக.) மனைவி ஊரில் இத்தாவில் இருந்தார். அந்த இத்தா எந்த நாளில் முடிகிறது என்பதில் வீட்டுக்குள்ளேயே மூன்று கணக்குகள். குடும்பத்தின் அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதால் தேதிகளை மாற்றித் தருகிறோம். கணக்கின் போக்கு அப்படியேதான் இருக்கிறது.

மருத்துவமனைச் சீட்டில் 20-09-2024, இரவு 10.30 என்று இருந்தது. ஆனால் வீட்டுக்குச் செய்தி வந்த வாட்ஸ்அப்பில் 21-ஆம் தேதி, அதிகாலை 1.05. "அத்தா மவுத்தானது இருபதா, இருபத்தொண்ணா ஹஜ்ரத்?" என்று இளைய மகன் கேட்டார். மூத்தவர் சென்னையில் இணையதளம் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறார். அவர் பிஹெச்பி மொழியில் நாலு வரி எழுதி, தேதியைக் கொடுத்து, நான்கு மாதம் பத்து நாளைக் கூட்டச் சொல்லியிருக்கிறார். முதலில் வந்த விடை 11-05-1970! திருத்தி எழுதியதும் 30-01-2025 என்று வந்தது. தாய்மாமா விரல்விட்டு எண்ணி 28 என்றார்.

அந்தத் தாய் திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அல்லாஹ் எத்தனை நாள் சொல்லியிருக்கானோ அத்தனை நாள் இருக்கேன் ஹஜ்ரத். ஒரு நாள் குறையவும் வேணாம், கூடவும் வேணாம்."

நாம் அரபி மதரஸாவில் ஓதி, பிறகு கலைப் பட்டம் படித்தவர்கள். கணினிப் பொறியாளர் அல்ல. ஆனாலும் அந்தத் தாயின் கேள்விக்காக அந்த நாலு வரியை மகனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அப்போது தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். இன்று நம் ஜமாஅத்துகளின் தொழுகை நேரப் பலகை, மக்தப் பதிவேடு, ஜகாத் கணக்கு, நிகாஹ் பதிவு எல்லாமே கணினிக்குள் போய்விட்டன. பிள்ளைகளில் யாராவது ஒருவர்தான் அதை எழுதிக் கொடுக்கிறார். அவரிடம் பெரியவர்கள் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

கணினிக்கு நாள் என்பது ஒரு எண்

நமக்கு வெள்ளி, சனி, ரபீஉல் அவ்வல், புரட்டாசி என்று பல பெயர்கள். கணினி இவை எதையும் உள்ளே வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நேரம் நள்ளிரவு 12 மணியைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து எத்தனை விநாடி ஓடியிருக்கிறது என்று மட்டும் எண்ணுகிறது. அந்த எண்ணுக்குத்தான் டைம்ஸ்டாம்ப் என்று பெயர். நேரமுத்திரை என்றும் சொல்கிறார்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. இடையிடையே உலகக் கடிகாரத்தில் சேர்க்கப்படும் உபரி விநாடிகளை இந்த எண்ணிக்கை கண்டுகொள்வதில்லை. 1970-க்கு முன்னால் உள்ள நாள்களுக்குக் கழித்தல் குறியோடு எண் வரும். இந்தியா விடுதலை அடைந்த 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவு, நம் நேரப்படி, கணினிக்கு மைனஸ் 70,63,39,800.

கிரீன்விச்சில் நள்ளிரவு 12 என்றால் நமக்குக் காலை 5.30. ஆகவே பூஜ்யம் என்ற எண்ணை இந்திய நேரத்தில் எழுதினால் "1970 ஜனவரி 1, காலை 5.30" என்று வரும். சில செயலிகளில், சில பதிவேடுகளில் இந்தத் தேதியைக் கண்டு, யாரோ விளையாட்டாகப் போட்டது என்று நினைத்திருப்பீர்கள். அங்கே தேதியே இல்லை, பூஜ்யம் இருக்கிறது என்று பொருள். மூத்த மகனுக்கு வந்த 1970 மே 11-இன் மர்மமும் இதுதான். ஜனவரி 1-லிருந்து நான்கு மாதம் பத்து நாள் எண்ணிப் பாருங்கள்.

ஏன் பூஜ்யம் ஆனது? அவர் 20/09/2024 என்று சாய்கோடு போட்டு எழுதியிருந்தார். பிஹெச்பியில் எழுத்தாக உள்ள தேதியை எண்ணாக்கும் கட்டளைக்கு 'ஸ்ட்ரிங் டு டைம்' என்று பொருள்படும் பெயர். அது சாய்கோட்டைக் கண்டால் அமெரிக்கர்கள் எழுதுகிற முறை என்று எடுத்துக்கொள்ளும். முதலில் மாதம், பிறகு தேதி. இருபதாவது மாதம் என்று ஒன்று கிடையாதே! ஆகவே "முடியாது" என்று பதில் தந்துவிட்டது. அந்த "முடியாது" என்பதையே அடுத்த வரி பூஜ்யமாக நினைத்துக்கொண்டு மேலே கூட்டிவிட்டது. அதே தேதியைச் சிறுகோடு போட்டு 20-09-2024 என்று எழுதினால், நம் ஊர் முறைப்படி தேதி, மாதம், ஆண்டு என்று சரியாகப் படித்துக்கொள்கிறது.

இருபதாம் தேதியாக இருந்ததால் தவறு பளிச்சென்று தெரிந்தது. 05/06/2024 என்று இருந்திருந்தால்? ஜூன் 5 என்று நாம் நினைப்போம், கணினி மே 6 என்று படிக்கும், ஒரு புகாரும் சொல்லாது. ஒரு மாதம் போய்விடும். மக்தப் பிள்ளைகளின் பிறந்த தேதிகளை ஏற்றும்போது 12-ஆம் தேதிக்குள் பிறந்தவர்களுக்கு மட்டும் தவறு வந்து, மற்றவர்களுக்கு வெற்றிடமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். குழப்பமே வேண்டாம் என்றால் 2024-09-20 என்று ஆண்டு, மாதம், தேதி வரிசையில் எழுதச் சொல்லுங்கள். எந்த மொழியும் அதை மாற்றிப் படிக்காது.

இதிலேயே இன்னொரு சிறு சறுக்கல். பிஹெச்பியும் பைதானும் விநாடியில் எண்ணுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் மில்லி விநாடியில் எண்ணுகிறது. விநாடி எண்ணை அப்படியே அதனிடம் கொடுத்தால் 2024-ஆம் ஆண்டு நிகழ்ச்சி 1970 ஜனவரி மூன்றாம் வாரத்தில் நடந்ததாகக் காட்டும். ஆயிரத்தால் பெருக்கினால் சரியாகிவிடும்.

இருபதா, இருபத்தொன்றா?

இனி இளைய மகனின் கேள்வி. தம்மாமில் இரவு 10.30 ஆகும்போது கிரீன்விச்சில் இரவு 7.30. சவூதி மூன்று மணி நேரம் முன்னால் இருக்கிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக குருவிகுளத்தில் அப்போது நள்ளிரவு தாண்டி 1 மணி, தேதி 21. இரண்டு தேதியும் உண்மைதான். ஒரே நொடிக்கு இரண்டு ஊர்க்காரர்கள் சொல்கிற இரண்டு பெயர்கள் அவை. வாட்ஸ்அப் உள்ளே எண்ணைத்தான் வைத்திருக்கிறது. படிப்பவரின் ஃபோன் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அந்த ஊர் மணியாக அதைக் காட்டுகிறது. தம்மாமில் இருந்த நண்பரின் ஃபோனில் அதே செய்தி 20-ஆம் தேதி இரவு 10.35 என்றுதான் இருந்திருக்கும்.

அந்த நொடியின் எண் 172,68,60,600. இது தம்மாமிலும் குருவிகுளத்திலும் லண்டனிலும் ஒன்றே. இந்த எண் கையில் வந்துவிட்டால் சண்டைக்கு இடமில்லை. ஆனால் இந்த எண்ணை வரவழைக்கக் கணினிக்குத் தேதியும் மணியும் போதாது. எந்த ஊர் மணி என்று சொல்ல வேண்டும். பிஹெச்பியில் அதற்கு 'ஏசியா/ரியாத்' என்று எழுத வேண்டும். தம்மாமுக்கும் அதே பெயர்தான். நமக்கு 'ஏசியா/கொல்கத்தா'.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? எந்த ஊர் என்று யாரும் அமைத்து வைக்காத இடத்தில் பிஹெச்பி கிரீன்விச் நேரம் என்று தானாக வைத்துக்கொள்கிறது. அப்போது வரும் எண் 172,68,71,400. அதாவது நடந்ததற்கு மூன்று மணி நேரம் பிந்தி. நம் பையன் தன் கணினியில் இந்திய நேரத்தை அமைத்து வைத்திருந்தார். அதனால் அவருக்கு வந்தது 172,68,51,600. இரண்டரை மணி நேரம் முந்தி, வாப்பா உயிரோடு இருந்த நேரம். எழுதிய தேதியும் மணியும் மூன்று இடத்திலும் ஒன்றேதான். ஊர் மட்டும் மாறியது. பைதானிலும் இதே கதைதான். ஊர் சொல்லாத தேதியை அது ஏற்றுக்கொண்டு, ஓடுகிற கணினி எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அதுவாக எடுத்துக்கொள்ளும். ஊரைச் சேர்ப்பதற்கான 'ஜோன்இன்ஃபோ' என்ற தொகுப்பு 3.9-ஆம் பதிப்பிலிருந்து அதனுடனேயே வருகிறது.

இதைப் பார்த்தபோது ஹிஜ்ரி ஆண்டு தொடங்கிய கதை நினைவுக்கு வந்தது. உமர் (ரலி) அவர்களிடம் ஓர் ஆவணம் வருகிறது, அதில் ஷஃபான் என்று மட்டும் இருக்கிறது. கடந்து போன ஷஃபானா, இப்போதைய ஷஃபானா, வரப்போகிற ஷஃபானா என்று அவர்கள் கேட்டதாக அறிவிப்புகளில் வருகிறது. சஹாபாக்களோடு ஆலோசித்து, ஹிஜ்ரத்தை முதல் ஆண்டாக வைத்து எண்ணும் ஏற்பாடு வந்தது. அங்கே விடுபட்டிருந்தது ஆண்டு. நம் பையன் எழுதியதில் விடுபட்டது ஊர்.

ஊர் என்றால் "கூட்டல் ஐந்தரை" என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். இன்றைய இந்தியத் தேதிக்குப் போதும். பழைய தேதிக்கும் அயலூருக்கும் போதாது. இலங்கையில் உறவு உள்ள குடும்பங்கள் நம்மில் நிறைய. அங்கே 1996 மே 25-இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஆறரை ஆக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 26-இல் ஆறாகக் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் 15-இல்தான் மறுபடி நம்மோடு சேர்ந்த ஐந்தரைக்கு வந்தார்கள். 2000-ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்த பிள்ளையின் நேரத்தை ஐந்தரை என்று கணக்கிட்டால் அரை மணி நேரம் பிசகும். 'ஏசியா/கொழும்பு' என்று எழுதினால் இந்த மாற்றங்கள் எல்லாம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. சிங்கப்பூரும் 1982 தொடக்கத்தில் ஏழரையிலிருந்து எட்டுக்குப் போனது. ஏன், நம் நாட்டிலேயே இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்து ஆறரை என்று ஓட்டினார்கள். 1945 அக்டோபரில்தான் பழையபடி ஆனது. 1906-க்கு முன்னால் இந்திய நேரம் என்றே ஒன்று கிடையாது. ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. அது கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முன்னால். பாட்டனார் காலத்துப் பத்திரங்களில் மணி குறித்திருந்தால் இதையும் நினைவில் வைக்கலாம்.

லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னே இழுப்பார்கள். 2024-இல் அந்த மார்ச் 31 ரமளானுக்குள் வந்தது. அன்றைய நாளுக்கு 23 மணி நேரம்தான். கடிகாரப்படி தினமும் ஒரே மணிக்கு நடக்க வேண்டிய ஒன்றின் முதல் நாள் நேரத்தோடு நாளுக்கு 86,400 விநாடி கூட்டிக்கொண்டே போய்க் கடிகார மணியைக் கணித்து வைத்தால், 31-ஆம் தேதியிலிருந்து எல்லாம் ஒரு மணி நேரம் இடம் மாறி நிற்கும்.

மாதம் என்றால் எந்த மாதம்?

நேரம் சரியாகிவிட்டது. ஆனாலும் மகனின் கணக்கு 30 என்றுதான் நின்றது. ஏனென்றால் "நான்கு மாதம் கூட்டு" என்று சொன்னதும் கணினி ஆங்கில மாதத்தைக் கூட்டியது. செப்டம்பர் 20-லிருந்து ஜனவரி 20, பிறகு பத்து நாள். மொத்தம் 132 நாள். குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 234-ஆம் வசனம் கணவனை இழந்த பெண்ணுக்குச் சொல்கிற நான்கு மாதம் பத்து நாள் என்பது பிறை மாதம். இதில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. பிறை மாதம் 29 அல்லது 30-ஐத் தாண்டாது. ஆங்கில மாதக் கணக்கில் போனால் ஆண்டின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து 133 நாள் வரை வரும்.

கணினியின் மாதக் கூட்டலிலேயே வேறொரு வேடிக்கையும் உண்டு. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டச் சொல்லுங்கள். பிப்ரவரி 31 என்று வைத்துக்கொண்டு, அது இல்லாததால் மார்ச் 2 அல்லது 3-க்குத் தாவிவிடும். சந்தா வசூல் பட்டியல் போட்டுப் பாருங்கள், பிப்ரவரியே காணாமல் போகும்!

ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி, மாதத்தின் முதல் நாளில் அல்லாமல் நடுவில் மரணம் நேர்ந்தால் 130 நாளாக எண்ண வேண்டும். இடையிலுள்ள முழு மாதங்களைப் பிறைப்படியே எண்ண வேண்டும் என்ற கருத்தும் உண்டு. அதன்படி ஓரிரு நாள் முன்னதாக முடியலாம். உங்கள் பகுதி ஆலிம் எதைப் பின்பற்றச் சொல்கிறாரோ அப்படிச் செய்யுங்கள். அந்தக் குடும்பத்தார் ஹனஃபிகள். இத்தா மரணத்தின் நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது, செய்தி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அல்ல என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. ஆகவே நமக்கு வேண்டிய தொடக்கம் அந்த எண்தான்: 172,68,60,600.

130 நாளை 86,400-ஆல் பெருக்கினால் 1,12,32,000. இரண்டையும் கூட்டினால் 173,80,92,600. இதைக் குருவிகுளத்து நேரமாக்கினால் 2025 ஜனவரி 29, அதிகாலை 1 மணி. தம்மாம் நேரமாக்கினால் 28, இரவு 10.30. இங்கே நாள் கணக்கை விநாடியால் பெருக்கலாம், ஏனென்றால் இரண்டு நாட்டிலும் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. தாய்மாமா 21-ஐ முதல் நாளாக எண்ணியதால் அவருடைய 130-ஆவது நாள் 28 ஆனது. விரல் கணக்கு கணினியைவிட நெருங்கி வந்திருந்தது என்பதை மூத்த மகனே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

இதில் அழகான ஒரு விஷயம். 2024 செப்டம்பர் 20 வெள்ளிக்கிழமை. தம்மாமில் வெள்ளி இரவு 10.30 என்று ஆங்கிலக் கணக்கு சொல்லும். ஆனால் மஃரிபோடு அடுத்த நாள் பிறந்துவிடும் என்ற நம் கணக்கில் அது சனி இரவு. நம் பெரியவர்கள் "வெள்ளி பின்னேரம் சனி இரவு" என்று சொல்வார்களே, அதுதான். குருவிகுளத்திலோ அது சனி அதிகாலை, நமக்கு அதுவும் சனிதான். ஆங்கிலத் தேதியில் 20, 21 என்று பிரிந்த அதே நொடி, மார்க்கத்தின் கிழமைக் கணக்கில் இரண்டு ஊரிலும் சனியாகவே இருந்தது.

கணினியால் பிறை பார்க்க முடியுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் எண்ணிலிருந்து நேராக ஹிஜ்ரி தேதியையே வாங்கிவிடலாமே ஹஜ்ரத்" என்றார் மூத்த மகன். வாங்கலாம். பிஹெச்பியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்கு வசதி இருக்கிறது. பெரும்பாலும் அவை தருவது சவூதி அரசின் உம்முல் குரா நாள்காட்டித் தேதி, அல்லது 30, 29 என்று மாறி மாறிப் போட்ட வாய்பாட்டுத் தேதி. இரண்டும் முன்கூட்டியே எழுதிவைத்த கணக்கு. நம் ஊரில் பிறை தென்பட்டதா என்பது அவற்றுக்குத் தெரியாது.

2024 ஏப்ரல் 10, புதன்கிழமை நண்பகலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நேரம் ஒன்றே, கணினியின் எண்ணும் ஒன்றே. இரண்டு மாநிலத்திலும் மார்ச் 12-இல்தான் நோன்பு தொடங்கியது. ஆனால் கேரளாவில் பிறை தென்பட்டு அன்று ஷவ்வால் 1. இங்கே தலைமை காஜியின் அறிவிப்பைப் பின்பற்றிய ஊர்களில் ரமளான் 30. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனால் பெருநாள், இந்தப் பக்கம் நோன்பு. சவூதியிலும் அன்று பெருநாள், ஆனால் அவர்கள் ஒரு நாள் முன்னதாகவே நோன்பைத் தொடங்கியிருந்தார்கள். ஒரே எண்ணுக்கு மூன்று இடத்தில் மூன்று விதமான வரலாறு.

ஆகவே நிகாஹ் பதிவிலும் ஜகாத் கணக்கிலும் ஹிஜ்ரி தேதியைக் கணினி தானாக நிரப்பும்படி விடாமல், நம் ஜமாஅத் பிறை அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியையும் ஒரு பட்டியலில் ஏற்றி, அதைப் பார்த்துச் சொல்லும்படி எழுதச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒரு வரி. வேலை அவ்வளவுதான். அதோடு, மஃரிபுக்குப் பிந்திய நேரமாக இருந்தால் ஹிஜ்ரி தேதியில் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்ற வரியும் வேண்டும். நள்ளிரவில்தான் தேதி மாறும் என்பது கணினிக்குப் பழக்கம். இரவு 8 மணிக்கு நடக்கும் நிகாஹுக்கு அது முந்தைய பிறையைப் போட்டுவிடும்.

மஃரிப் எப்போது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கடிகார நேரம் நாடு முழுவதற்கும் ஒன்று. அது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம். சூரியன் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடம். குருவிகுளம் ஏறத்தாழ 77.7 பாகையில் இருக்கிறது. ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவாக மேற்கே தள்ளி இருப்பதால் சூரியன் நமக்குச் சுமார் 19 நிமிடம் தாமதம். சென்னை 80.3 பாகையில். சென்னைக்கும் நமக்கும் பத்து நிமிட வித்தியாசம் இப்படித்தான் வருகிறது. 2024-இன் முதல் நோன்பு நாளான மார்ச் 12-இல் குருவிகுளத்தில் சூரியன் மறைந்தது மாலை 6.30 அளவில். சென்னையில் 6.19 அளவில். தொலைக்காட்சியில் சென்னை பாங்கைக் கேட்டுப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தால், இங்கே சூரியன் இன்னும் மேற்கே நின்றுகொண்டிருக்கும். நாள் முழுக்கப் பிடித்த நோன்பு பத்து நிமிடத்தில் முறிந்துபோகும்.

"சென்னை நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டு" என்று நிரந்தரமாக எழுதி வைப்பதும் சரிவராது. சென்னை நமக்கு வடக்கேயும் இருப்பதால் அங்கே கோடையில் பகல் நீளம், குளிர்காலத்தில் குறைவு. ஜூன் மாதம் மஃரிப் வித்தியாசம் மூன்று நான்கு நிமிடமாகச் சுருங்கிவிடும். டிசம்பரில் பதினேழு நிமிடம் வரை விரியும். ரமளானோ ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னேறி எல்லாப் பருவத்தையும் சுற்றி வருவது. பிஹெச்பியில் ஒரு நாளின் எண்ணையும் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் கொடுத்தால் அன்றைய சூரிய உதயம், உச்சி, மறைவு மூன்றையும் எண்ணாகவே தரும் கட்டளை இருக்கிறது. குருவிகுளத்துக்கு அட்சரேகை 9.2 அளவில் கொடுக்கலாம். அது தரும் மறைவு நேரத்தோடு பேணுதலுக்காக இரண்டு மூன்று நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். அஸருக்கு மட்டும் நிழல் ஒரு மடங்கா, இரு மடங்கா என்று மத்ஹபை முடிவு செய்து சொல்ல வேண்டியிருக்கும். முன் காலத்தில் பெரிய மஸ்ஜிதுகளில் முவக்கித் என்று நேரம் கணிப்பதற்கே ஒரு பதவி இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமய்யா மஸ்ஜிதில் அந்தப் பொறுப்பில் இருந்த இப்னு ஷாத்திர் சிறந்த வானியல் அறிஞர். கணினியில் நேரப்பலகை எழுதும் பிள்ளைகள் கையில் எடுத்திருப்பது அந்த வேலையைத்தான்.

பழைய நேரப்பலகைகள் வைத்திருக்கும் ஜமாஅத்துகள் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். அதன் உள்ளே எண்ணை வைக்கும் இடம் சிறியதாக இருந்தால் 214,74,83,647 வரைதான் எண்ண முடியும். அந்த நொடி 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8.44. அதன் பிறகு அத்தகைய கருவி 1901-க்குத் திரும்பிப் போய்விடும். புதியவற்றில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 20 ஆண்டு, 30 ஆண்டு வக்ஃப் குத்தகைகளின் முடிவுத் தேதியைப் பழைய மென்பொருளில் ஏற்றுகிறவர்களுக்கு அது இன்றே தலைகாட்டும்.

அந்தத் தாயிடம், ஜனவரி 29 புதன்கிழமை அதிகாலை 1 மணியோடு 130 நாள் நிறைவாகிறது, சுபுஹு தொழுதுவிட்டு இத்தாவிலிருந்து வெளியே வரலாம் என்று சொன்னோம். "அப்ப முப்பதாம் தேதி வரைக்கும் இருக்க வேண்டியதில்லையா?" என்று இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். மூத்த மகன் தம் நாலு வரியையும் திருத்தி, மேலே 'ஏசியா/ரியாத்' என்று எழுதி, மாதக் கூட்டலை எடுத்துவிட்டு 130 நாள் என்று போட்டு, மறுபடி ஓட்டிக் காண்பித்தார். அதே தேதி வந்தது.